மிருக முகம் வைத்த கிரானி ஸ்கொயர்களால் குழந்தைகளுக்குப் போர்வை பின்னிக் கொடுக்க நினைக்கிறோம், எப்படித் தொடங்குவது?

கேள்வி இது: குடியிருப்பில் ஒன்பது பெண்கள் சேர்ந்து குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போடுகிறார்கள். யானை, பூனை, ஆந்தை மாதிரி முகம் வைத்த கிரானி ஸ்கொயர்களை, அதாவது நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளரும் சதுரங்களைப் பின்னி, போர்வையாக இணைத்து, மருத்துவமனையில் படுத்திருக்கும் குழந்தைகளுக்கும் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். பாதிப் பேர் இப்போதுதான் கற்றுக்கொண்டவர்கள். எந்த நூல், என்ன அளவு, எந்த மிருகம், எப்படி இணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒரே ஒரு யோசனை. இதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும். முகங்களை ஒன்பது பேரும் போடுங்கள். ஆனால் ஒவ்வொரு சதுரத்தின் கடைசிச் சுற்றை ஒரே ஒருவர் போடட்டும்.

காரணம் கை. ஒரே கடையில் வாங்கிய ஒரே நூல், ஒரே எண் ஊசி, ஒரே மாதிரிக் குறிப்பு, எல்லாம் கொடுத்தாலும் ஒருவர் இழுத்துப் பிடித்துப் போடுவார், இன்னொருவர் தளர்வாக விடுவார். 6 அங்குலம் வரவேண்டிய சதுரம் ஒருவரிடம் ஐந்தரையாகவும் இன்னொருவரிடம் ஆறே முக்காலாகவும் வந்து நிற்கும். எங்கள் குழுவின் முதல் போர்வையில் இதைக் கவனிக்காமல் விட்டோம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு சதுரமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. இணைத்துத் தரையில் விரித்தபோது நடுவில் பொரித்த அப்பளம் போல மேடும் பள்ளமுமாக எழும்பி நின்றது. மூன்று நாள் உட்கார்ந்து முழுவதையும் பிரித்தோம். அதன் பிறகு ஐந்து சுற்று முடிந்ததும் சதுரங்களை ஒரு பையில் போட்டு எங்களில் நிதானமான கை உள்ள ஒரு அக்காவிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் ஒவ்வொன்றையும் அளவாக வெட்டிய அட்டையில் வைத்துப் பார்த்து, சிறியதாக இருந்தால் பெரிய ஊசியிலும், பெரியதாக இருந்தால் சின்ன ஊசியிலும் ஆறாவது சுற்றை ஒரே நிறத்தில் போட்டு முடிப்பார். விளிம்பில் உள்ள கண்ணிகளின் எண்ணிக்கை எல்லாவற்றிலும் ஒன்றாக இருப்பதால் இணைக்கும்போது கண்ணிக்குக் கண்ணி பொருந்தும். வெவ்வேறு கைகளில் உருவான முகங்கள் ஒரே சட்டத்துக்குள் வந்த மாதிரியும் ஆகிவிடும்.

உலகெங்கும் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் அளவில் கண்டிப்பாக இருப்பதற்கும் இதுவே காரணம். அமெரிக்காவில் 1991-இல் தொடங்கிய ‘வார்ம் அப் அமெரிக்கா’ 7க்கு 9 அங்குலத் துண்டுகள், ஒரு போர்வைக்கு 49 என்று வகுத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக இயங்கும் ‘நிட் எ ஸ்கொயர்’ 20 செ.மீ. சதுரம் கேட்கிறது. 35 சதுரம் சேர்ந்தால் ஒரு போர்வை. பல நாடுகளிலிருந்து முகம் தெரியாதவர்கள் அனுப்பும் சதுரங்கள் அங்கே ஒரே போர்வையில் சேர்கின்றன. நம் சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்களே, அதுவும் எத்தனையோ பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னிய துண்டுகளின் கூட்டுத்தான். சாதனை முடிந்ததும் போர்வைகளைத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு: 6 அங்குலச் சதுரம், அகலத்தில் 6, நீளத்தில் 7, மொத்தம் 42. விளிம்போடு சேர்த்து ஏறக்குறைய 38க்கு 44 அங்குலம் வரும். இரண்டு வயது முதல் ஏழெட்டு வயது வரை உள்ள குழந்தைக்குச் சரியாக இருக்கும். நாற்பத்திரண்டிலும் முகம் வைக்காதீர்கள். 21 முகம், 21 சாதாரண கிரானி ஸ்கொயர் என்று சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றி வையுங்கள். எல்லாச் சதுரத்திலும் முகம் இருந்தால் கண்ணுக்கு நெரிசலாக இருக்கும், போர்வையும் கனத்துவிடும். புதிதாகக் கற்றவர்களுக்கும் சாதாரணச் சதுரம் ஒரு பாக்கியம். வீட்டில் மிச்சமிருக்கும் துண்டு நூலெல்லாம் அதில் போய்விடும். கிரானி ஸ்கொயர் என்ற பின்னல் வளர்ந்ததே அப்படித்தான். அச்சில் வந்த மிகப் பழைய குறிப்பு 1885-இல் ‘ப்ரெய்ரி ஃபார்மர்’ என்ற அமெரிக்க விவசாயப் பத்திரிகையில் இருக்கிறது.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பழகிய கைக்கு சாதாரணச் சதுரம் அரை மணி, முகச் சதுரம் ஒன்றரை மணி ஆகும். கடைசிச் சுற்று, இணைப்பு, விளிம்பு எல்லாம் சேர்த்து ஒரு போர்வைக்கு அறுபது மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர் என்றால் மாதம் ஒன்று வசதியாக முடியும். ‘தீபாவளிக்குள் இருபது’ என்றெல்லாம் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நூல். அக்ரிலிக் உல்லன் (செயற்கை இழை நூல்) வாங்குங்கள். நல்ல கம்பளி நூலைக் குழந்தைக்குக் கொடுக்கத்தான் மனம் வரும், ஆனால் வெந்நீரில் ஒரு முறை அலசினால் அது சுருங்கி ஜமுக்காளம் போல இறுகிவிடும். சில குழந்தைகளுக்கு உடம்பு அரிக்கும். பருத்தி நூல் தோலுக்கு இதம்தான். ஆனால் இந்த அளவில் பின்னினால் கனம், நனைந்தால் காயவே காயாது, தன் எடையிலேயே இழுபட்டு நீளும். அக்ரிலிக் லேசானது, மெஷினில் துவைக்கலாம், சீக்கிரம் காயும். அதற்கும் ஒரு குறை உண்டு: நெருப்பு பட்டால் உருகும். விறகடுப்புப் பக்கத்திலும் மண்ணெண்ணெய் விளக்குப் பக்கத்திலும் இந்தப் போர்வை வேண்டாம் என்று கொடுக்கும் இடத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு போர்வைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நூல் பிடிக்கும். பின்னணிக்கும் கடைசிச் சுற்றுக்குமான நிறத்தை ஒரே நாளில், ஒரே சாயத் தொகுதி எண்ணில், மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போய் அதே நீலம் கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவது அதே நீலமாக இருக்காது.

ஊசி 4.5 மி.மீ. இப்போது குறிப்புக்கு வருவோம். ஒரு எச்சரிக்கை: பெயர்க் குழப்பம் நிறைய நேரத்தைத் தின்றுவிடும். அமெரிக்கர்கள் டபுள் குரோஷே என்று சொல்வதை பிரிட்டிஷ்காரர்கள் டிரெபிள் என்பார்கள். அமெரிக்காவின் சிங்கிள், பிரிட்டனில் டபுள். பழைய பிரிட்டிஷ் புத்தகத்தைப் பார்த்துக் கற்ற அம்மாவும் யூடியூப் பார்த்துக் கற்ற பெண்ணும் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு உயரத்தில் பின்னிக்கொண்டிருப்பார்கள். நான் இங்கே எழுதுவது அமெரிக்க முறை: செயின் என்பது வெறும் சங்கிலிப் பின்னல், அதற்கு மேல் சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், டிரெபிள் என்று கண்ணியின் உயரம் ஏறிக்கொண்டே போகும்.

எல்லா மிருகத்துக்கும் அடித்தளம் ஒன்றே: வட்டத்தில் தொடங்கிச் சதுரத்தில் முடிப்பது. முகத்தின் நிறத்தில் மேஜிக் ரிங் (இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையம்) போட்டு, அதற்குள் 12 டபுள் குரோஷே. இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக 24. மூன்றாம் சுற்றில் ஒன்றில் இரண்டு, அடுத்ததில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டால் 36. மூன்றே கால் அங்குலத்துக்கு ஒரு தட்டை வட்டம் வரும், அதுதான் முகம். விளிம்பு கிண்ணம் போல மேலே எழும்பினால் கை இறுக்கம், அலை அலையாகச் சுருண்டால் தளர்வு. இரண்டிலும் கண்ணியின் எண்ணிக்கையைத் தொடாமல் ஊசியை மட்டும் மாற்றுங்கள்.

இந்த இடத்தில் காது. வட்டத்தின் மேற்புறம், கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடங்களில், கண்ணியின் முன்பக்க இழையை மட்டும் எடுத்துக் காதைப் பின்னுங்கள். கரடிக்கும் பாண்டாவுக்கும் ஒரே கண்ணியில் ஆறு டபுள் போட்டால் அரைவட்டக் காது. பூனைக்கு ஒரே கண்ணியில் ஹாஃப் டபுள், டபுள், டிரெபிள், டபுள், ஹாஃப் டபுள் என்று ஏறி இறங்கினால் கூர்க் காது. பிறகு பின்னணி நிறத்தை எடுத்து, காதை முன்னால் மடித்துவிட்டு, மீதமிருக்கும் பின்பக்க இழையில் நான்காம் சுற்றைப் பின்னிக்கொண்டே போகலாம். காது தானாக முன்னால் நிற்கும்.

நான்காம் சுற்றில்தான் வட்டம் சதுரமாகிறது. ஒரு கண்ணியில் இரண்டு டிரெபிள், இரண்டு செயின், மறுபடி இரண்டு டிரெபிள்: இது மூலை. அடுத்த எட்டுக் கண்ணிகளில் ஒரு டபுள், இரண்டு ஹாஃப் டபுள், இரண்டு சிங்கிள், இரண்டு ஹாஃப் டபுள், ஒரு டபுள். இதை நான்கு முறை செய்தால் பக்கத்துக்கு 12 கண்ணி. மேல் மூலைகள் இரண்டும் காதுகளுக்கு நேர் பின்னால் வரும்படி ஆரம்பியுங்கள், இல்லையென்றால் பூனை தலையைச் சாய்த்துக்கொண்டு பார்க்கும். ஐந்தாம் சுற்று முழுவதும் டபுள், மூலையில் இரண்டு டபுள், இரண்டு செயின், இரண்டு டபுள். பக்கத்துக்கு 16. இதோடு உங்கள் பங்கு முடிந்தது. ஆறாம் சுற்றில் 20 ஆவது அந்த ஒரு கையின் வேலை.

எந்த மிருகம்? வெளிநாட்டுக் குறிப்புகளில் நரி, ரக்கூன், மான் என்றுதான் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை வைத்து ரக்கூன் பின்னிக் கொண்டுபோனோம். நாலு வயதுப் பெண் ஒருத்தி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘இந்தப் பூனைக்கு யாரு அடிச்சா?’ என்று கேட்டாள். பக்கத்துச் சதுரத்தில் யானை இருந்தது. அதை உடனே அடையாளம் கண்டு, துதிக்கை மேல் விரலை வைத்துக் கீழிருந்து மேலாகத் தடவிக்கொண்டே இருந்தாள். அன்றிலிருந்து குழந்தை பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மிருகங்களை மட்டும் வைக்கிறோம்: யானை, பூனை, கரடி, பசு, ஆடு, குரங்கு, தவளை, ஆந்தை, சிங்கம், கோழிக்குஞ்சு. பசுவுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்தால் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கிறது.

யானைக்குக் காதைத் தனியாக அரைவட்டமாகப் பின்னிச் சுற்றிலும் தைத்துவிடுங்கள். துதிக்கைக்கு 12 செயின் போட்டு, திரும்பி 11 சிங்கிள் வந்தால் ஒரு பட்டை கிடைக்கும். அதை லேசாக வளைத்து இரண்டு பக்கமும் அழுத்தித் தையுங்கள். தொங்க விட வேண்டாம். சிங்கத்தின் பிடரிக்கு லூப் ஸ்டிட்ச் அழகுதான், ஆனால் அந்த வளையங்களில் குழந்தையின் விரல் மாட்டும். முகத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன அரைவட்டங்களாகப் போட்டு நுனியைப் பின்னணியோடு தைத்தால் பிடரி மாதிரியே தெரியும். குரங்கு புதியவர்களுக்கு வேண்டாம், இரண்டு நிற முகம் கொஞ்சம் சிக்கல். அவர்களுக்குக் கரடியையும் கோழிக்குஞ்சையும் கொடுங்கள்.

இனி நான் விட்டுக்கொடுக்கவே முடியாத விஷயம். பிளாஸ்டிக் கண், பட்டன், மணி, சம்கி, பாம்பாம் என்ற நூல் உருண்டை, குஞ்சம், பஞ்சு அடைத்த மூக்கு, எதுவும் வேண்டாம். ‘சேஃப்டி ஐ’ என்று பெயர் போட்டு விற்கும் பொம்மைக் கண்ணும் வேண்டாம். பின்னிய துணியில் கண்ணி தளர்ந்தால் அது வாஷரோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். ஆரம்பத்தில் ஆந்தைக்குக் கறுப்புப் பட்டன் வைத்துத் தைத்தோம். நூலை நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டது நான்தான். கொடுத்த அன்றே, நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பையன் போர்வையை வாயருகே கொண்டுபோய்ப் பட்டனைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தான். பட்டன் வரவில்லை. ஆனால் அவன் அம்மா பதறி விரலை வாய்க்குள் விட்டதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. கொடுத்த போர்வைகளை எல்லாம் திரும்ப வாங்கிப் பட்டன்களை வெட்டினோம்.

கண்ணை நூலால் தையுங்கள். சாட்டின் ஸ்டிட்சில், அதாவது இழைகளை நெருக்கி நிரப்பும் தையலில், ஒரு முழு வட்டம் போடலாம். எனக்குப் பிடித்தது மூடிய கண்: கீழ்நோக்கி ஒரு சின்ன வளைவு, பேக் ஸ்டிட்சில் ஐந்தே குத்து. புதியவருக்கும் சுலபம், இரண்டு கண்ணும் ஒரே அளவாக வரும். முகம் தூங்குகிற முகமாகிவிடும். ஆந்தைக்கு மட்டும் வெள்ளை வட்டம் வேண்டும். மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள், அடுத்த சுற்றில் 12, அதைச் சுற்றிலும் தைத்து நடுவே கறுப்பு.

இடைவெளியையும் பாருங்கள். சாதாரணக் கிரானி ஸ்கொயரில் மூன்று மூன்று டபுளாகப் போடும் கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே செயின் போடாமல் விடுங்கள், மூலையில் இரண்டு செயினுக்கு மேல் வேண்டாம். பின்னி முடித்ததும் உங்கள் சுண்டுவிரலால் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே நுழைந்தால் குழந்தையின் கால்விரல் நிச்சயம் நுழையும். தூக்கத்தில் புரளும்போது நூல் விரலைச் சுற்றி இறுக்கிவிடக்கூடும்.

பின்பக்கம் இதைவிட முக்கியம். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே நீளமாக நூலைத் தாண்டவிட்டால் அதுவும் விரல் மாட்டும் ஒரு பொறிதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடியுங்கள். நூல் முனையை ஒரு சாண் விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து, ஒரு பக்கம் ஓட்டி, திரும்பி வந்து, மூன்றாவது திசையில் இன்னொரு முறை ஓட்டுங்கள். முடிச்சு மட்டும் போட்டு வெட்டினால் நாலு துவைப்பில் அவிழ்ந்துவிடும். முகச் சதுரம் ஒன்றில் எட்டு முதல் பத்து முனை வரும். சலிப்பான வேலைதான், அதனால் அன்றன்று முடித்த சதுரத்தின் முனைகளை அன்றன்றே முடித்துவிடுங்கள்.

ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு இந்தப் போர்வை வேண்டாம். தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வையே இருக்கக்கூடாது, மூச்சு அடைபடலாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அகாடமி சொல்கிறது. பிறந்த குழந்தைப் பிரிவிலிருந்து கேட்டால், என்ன தேவை என்று அங்குள்ள நர்ஸிடமே கேட்டுவிட்டு வேறு ஏதாவது பின்னிக் கொடுங்கள்.

இணைப்புக்கு வருவோம். எல்லாச் சதுரத்தையும் தரையில் பரப்பி ஒரு நாள் அப்படியே விடுங்கள், போகும்போதும் வரும்போதும் பார்த்து மாற்றுங்கள். அடர் நிறங்கள் ஒரே மூலையில் கூடிவிடும், அதைக் கலைக்க வேண்டும். போர்வையின் பாதி முகங்களை ஒரு முனை நோக்கியும் மறுபாதியை எதிர்முனை நோக்கியும் வையுங்கள். எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாலும் குழந்தைக்கு நிமிர்ந்த முகம் தெரியும். ஸ்லிப் ஸ்டிட்சில் (உயரமே இல்லாத பின்னல்) இணைத்தால் தட்டையாக வரும், ஆனால் இறுக்கிவிட்டால் துணி சுருங்கும். ஊசியை 5 மி.மீ.க்கு மாற்றிக்கொண்டு, பின்பக்க இழையை மட்டும் எடுத்துப் போடுங்கள். முதலில் கிடைக்கோடு எல்லாவற்றையும் முடித்து, பிறகு நெடுக்கோடு போங்கள். நான்கு மூலையும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு முறை ஊசியால் அழுத்தித் தையுங்கள். கிழிசல் எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். விளிம்புக்கு இரண்டு சுற்று சிங்கிள் போதும். அலை அலையான லேஸ் விளிம்பு படுக்கைக் கம்பியில் மாட்டும்.

முடித்ததும் மெஷினில் ஒரு முறை துவைத்துவிடுங்கள், மணமில்லாத சோப்பில். இதுதான் உங்கள் பரீட்சை. அவிழ வேண்டியது உங்கள் வீட்டிலேயே அவிழட்டும். ஈரத்தோடு தட்டையாகப் பரப்பி, நான்கு பக்கமும் இழுத்துச் சீராக்கி, நிழலில் காயவிடுங்கள். இஸ்திரி போட்டுவிடாதீர்கள். அக்ரிலிக் சூடு பட்டால் வழவழவென்று தளர்ந்துபோகும், பிறகு எதைச் செய்தாலும் பழையபடி ஆகாது.

மருத்துவமனைக்குக் கொடுப்பதானால் பின்னத் தொடங்கும் முன்பே கேளுங்கள். தொற்றுக்குப் பயந்து சில பிரிவுகளில் வெளித்துணியே ஏற்கமாட்டார்கள். ஏற்கிறார்கள் என்றால், வார்டின் பொதுப் போர்வையாக வைக்காமல் குழந்தைக்கே சொந்தமாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 1995-இல் அமெரிக்காவின் டென்வர் பக்கத்தில் கேரன் லௌக்ஸ் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் லைனஸ்’ அப்படித்தான் கொடுக்கிறது. புற்றுநோய் சிகிச்சையின்போது ஒரு சிறுமிக்குத் தன் போர்வை எவ்வளவு துணையாக இருந்தது என்று பத்திரிகையில் படித்ததில் தொடங்கியது அது. ஏசி அறையில் ஊசி மருந்து ஏறும்போது குழந்தைகளுக்குக் குளிரும், லேசான போர்வை அப்போது உண்மையிலேயே உதவும். சென்னை வெயிலில் இருக்கும் ஒரு இல்லத்தைவிட ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கத்து இல்லங்களில் இதற்குத் தேவை அதிகம். அதையும் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கொடுக்கும்போது உள்ளங்கை அளவுத் துணியில் ‘மெஷினில் துவைக்கலாம், இஸ்திரி வேண்டாம், நெருப்பருகே வேண்டாம்’ என்று எழுதி ஒரு மூலையில் நான்கு பக்கமும் தைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் நாலைந்து மீட்டர் நூலைச் சின்ன அட்டையில் சுற்றி, ஒரு மழுங்கிய ஊசியோடு சேர்த்து, போர்வையோடு கட்டாமல் தனிக் கவரில் போட்டு, பொறுப்பில் இருக்கும் பெரியவர் கையில் கொடுங்கள். ஒரு கண்ணி அறுந்தால் அங்கேயே யாராவது தைத்துக்கொள்வார்கள்.